பிடிமண் கொடுத்த ஸ்பெஷல் ஆபீசர்

1. டிக்கெட் கிடையாது

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் ஸ்பெஷல் ஆபீசர் வரதராஜன் தோல்பையும் குடையுமாகத் திருச்சி பஸ் பிடிக்கப் போனார். போன வேகத்திலேயே திரும்பி வந்தார். முகம் சிவந்து கிடந்தது. நான் போர்டில் குனிந்து வெள்ளாற்றின் தென்கரைக்கு இங்க் போட்டுக்கொண்டிருந்தேன். டிரேசிங் கிளாத்தில் கோடு இழுக்கும்போது நடுவில் கை நின்றால் அந்த இடத்தில் இங்க் திட்டாகிவிடும். இது தெரியாத ஆபீசர்கள்தான் சரியாக அந்த நேரம் பார்த்துப் பேச வருவார்கள்.

"மிஸ் மேரி, வாட் இஸ் பிடிமண்?"

பேனாவைக் கீழே வைத்தேன். கரை போச்சு.

நடந்தது இதுதான். பஸ்ஸில் ஏறி ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்திருக்கிறார். கண்டக்டர் எல்லோருக்கும் டிக்கெட் கிழித்தவன் இவரிடம் வந்ததும் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டான். "அய்யாவுக்கு டிக்கெட் கிடையாதுங்க. பிடிமண் குடுத்தவுக காரியம் முடியிற வரைக்கும் ராத்தங்க வெளியூர் போகக்கூடாதுங்க. ஊருக்கு ஆகாது" என்றானாம். இவர் தான் யார், தன் பதவி என்ன என்று இங்கிலீஷில் எடுத்துச் சொல்லியிருக்கிறார். பஸ்ஸிலிருந்த அத்தனை பேரும் கண்டக்டர் கட்சி. பின் சீட்டு அம்மாள் ஒருத்தி எழுந்து வந்து அவர் தோல்பையை எடுத்துத் தூசி தட்டி அவர் கையிலேயே கொடுத்திருக்கிறாள். இறங்கினார். பஸ் போய்விட்டது.

அவருக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகவில்லை. மனைவி திருச்சியில். சனிக்கிழமை பஸ்ஸை விட்டால் அடுத்த சனிக்கிழமைதான். கோபம் வராமல் என்ன செய்யும்? எனக்குத்தான் சிரிப்பை அடக்க முடியவில்லை. டிரேசிங் கிளாத்துக்குப் போடும் சாக் பவுடர் மூக்கில் ஏறிவிட்டது போலத் தும்மி வைத்தேன்.

நகரமைப்பு இலாகாவில் டிரேசராகச் சேர்ந்து, ஹெட் டிராஃப்ட்ஸ்மேனாக ரிடையர் ஆனவள் நான். புதிதாக வரும் பிள்ளைகள், "பொதுமக்கள் கருத்து கேட்கணுமாமே, அதை எப்படிக் கேட்கிறது?" என்று என்னிடம் வருகிறார்கள். புத்தகத்தில் இருப்பதை அவர்களே படித்துக்கொள்ளட்டும். எனக்குத் தெரிந்த ஒரே வழியை இங்கே எழுதுகிறேன். அதில் ஆபீசர் மட்டன் சாப்பிடக்கூடாது.

2. லாயத்தில் ஆபீஸ்

புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து பத்து வருஷம் போல ஆகியிருந்தது. ராஜாவின் பழைய குதிரை லாயம் ஒன்றில் எங்கள் ஆபீஸ். மழை பெய்தால் தரையிலிருந்து குதிரை வாசனை எழும்பும். ஆபீசர், நான், பியூன் சோலைமுத்து, ஒரு பெரிய டிராயிங் போர்டு, மொட்டை மாடியில் வெயிலில் வைத்துப் புளூ பிரிண்ட் எடுக்க ஒரு கண்ணாடிச் சட்டம். இவ்வளவுதான் ஆபீஸ்.

வேலை என்னவென்றால், ஊர் தெற்கே வெள்ளாற்றை நோக்கி வளர்ந்துகொண்டிருந்தது. இன்னும் ஒரு தலைமுறைக்குப் பிறகு அந்த ஆற்றுப் படுகை எப்படி இருக்க வேண்டும், வீடு எங்கே, ரோடு எங்கே, வயல் எதுவரை, எல்லாவற்றுக்கும் பிளான் போடச் சொல்லி மெட்ராஸிலிருந்து உத்தரவு. கடைசி வரியில், பொதுமக்களைக் கேட்டுச் செய்யவும் என்று இருந்தது. வரதராஜன் அந்த வரியைச் சிவப்புப் பென்சிலால் அடிக்கோடிட்டு வைத்திருந்தார். நல்ல மனுஷர். அவசரக்காரர். ஆற்றங்கரையில் ஒரு பார்க், நடுவில் பேண்ட் ஸ்டாண்ட், சாயங்காலம் ஜனங்கள் பெஞ்சில் உட்கார்ந்து வாத்தியம் கேட்க வேண்டும். இது அவருடைய கனவு. சர்வே மேப்பில் வடகரையில் புறம்போக்கு என்று ஒரு வெற்றிடம் தெரிந்தது. அதில் பார்க் எல்லையைப் போட்டு, உள்ளே சின்னச் சின்ன வட்டமாக மரங்களை நட்டவள் நான். நல்ல நெருக்கமாகவே நட்டேன்.

தண்டோரா போட்டு டவுன் ஹாலில் மேப்பை மாட்டினோம். வந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். ஒருத்தர் வெயிலுக்கு ஒதுங்கியவர். ஒருத்தர் ஏலம் என்று நினைத்து வந்தவர். குடியானவர் ஒருத்தர் மட்டும் மேப்பையே ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "இதுல தண்ணி எந்தப் பக்கமிருந்து வருதுங்க?" என்று கேட்டார். ஆபீசர் காண்டூர், ஸ்லோப், கேட்ச்மெண்ட் என்று கால்மணி நேரம் விளக்கினார். அவர் "சரிங்க" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறிப் போய்விட்டார். மேப்புக்குக் கீழே ஜனங்கள் எழுதிப் போட வைத்திருந்த யோசனைப் பெட்டியைத் திறந்தோம். ஒரு பீடித் துண்டும் யாருடைய ஜாதக நகலோ ஒன்றும் இருந்தன.

வரதராஜன் சோர்ந்து போனார். இரண்டு நாள் மேப்பைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக இருந்தார். மூன்றாவது நாள், "ஜனங்களுக்கு மேப் புரியாது. மாடல் செய்து வைக்கணும். மேடு மேடாக, பள்ளம் பள்ளமாக, கண்ணால் பார்த்தாலே தெரிகிற மாதிரி" என்றார். மெட்ராஸில் செய்ய வைக்கலாம் என்றார். சோலைமுத்துவுக்குப் பொறுக்கவில்லை.

"எதுக்குங்க மெட்ராசு? ஆத்தங்கரை முத்து வேளாரு ஆள் ஒசரத்துக்கு மேல குதிரை பண்றாருங்க. அவரு பண்ணாத மண்ணு வேலையா?"

ஐயனார் கோயில்களுக்கு வரிசையாக நிற்கும் மண் குதிரைகளைச் செய்கிறவர் முத்து வேளார். அவருக்கு ஆர்டர் எப்படிக் கொடுப்பது என்று ஆபீசர் கேட்டார். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து, ஆற்று மண்ணில் ஒரு பிடி எடுத்து அவர் கையில் கொடுக்க வேண்டும், அதுதான் பிடிமண், அதை வாங்காமல் அவர் வேலை எடுக்க மாட்டார் என்றான் சோலைமுத்து. கேட்டதற்குச் சரியான பதில்தான். டெண்டர் ஃபாரத்தைவிட இது சுருக்கமாக இருக்கிறதே என்று ஆபீசருக்கு ஒரே சந்தோஷம்.

அந்தப் பிடிமண் கொடுத்துவிட்டால் திருவிழா தொடங்கிவிட்டது என்று அர்த்தம் என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. நான் ஆவூர்ப் பக்கத்து வேதக்காரக் குடும்பம். எனக்குப் பாதிதான் தெரியும். மீதியைச் சோலைமுத்து சொல்வான் என்று நான் இருந்தேன். படித்த பிள்ளை நான் சொல்வேன் என்று அவன் இருந்திருக்கிறான்.

ஒரு வெள்ளிக்கிழமை ஆற்று மணலில் கூட்டம் கூடியிருந்தது. முத்து வேளார் குளித்து விபூதி பூசி நின்றார். ஐம்பது வயசிருக்கும். வாய் கொஞ்சம் நீளம். கையில் மண்ணை ஏந்தி நின்ற ஆபீசரைப் பார்த்து, "முழு மனசோடதான் குடுக்கிறீங்களா?" என்று கேட்டார்.

"யெஸ், யெஸ்."

"குடுத்துப்புட்டு வாங்காமப் போகமாட்டீங்களே?"

"கவர்மெண்ட் நிச்சயம் வாங்கிக்கொள்ளும்."

"கவர்மெண்ட்டா கையை நீட்டிக்கிட்டு நிக்குது? நிக்கிறது நீங்கதானே" என்றார் வேளார். ஆபீசர் சிரித்துக்கொண்டே மண்ணைக் கொடுத்தார். பெண்கள் குலவை போட்டார்கள். அவர் அதைக் கைதட்டல் என்று நினைத்து நாலு பக்கமும் திரும்பிக் கும்பிட்டார்.

மறுநாள்தான் கண்டக்டர் அவரைப் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டது.

3. பச்சை விழுந்த இடம்

மாடலுக்கு மேடு பள்ளம் சரியாக வரவேண்டுமே. காண்டூர் கோடுகளை அட்டையில் வெட்டி எடுத்துக்கொண்டு நான்தான் வேளார் தெருவுக்குப் போனேன். வடகரையில் ஆறு வீடு. பக்கத்தில் களிமண் எடுக்கும் குளம். நடுவில் பெரிய சூளை, எரிந்து எரிந்து சுற்று மண்ணெல்லாம் சிவந்து கிடந்தது. கையிலிருந்த பிளானைப் பார்த்தேன். தெருவைப் பார்த்தேன். மறுபடியும் பிளானைப் பார்த்தேன். சர்வே மேப்பில் வெற்றிடமாகத் தெரிந்த புறம்போக்கு இதுதான். நான் நெருக்கமாக மரம் நட்ட இடம் இதுதான். பேண்ட் ஸ்டாண்ட் சூளையின் வாய்க்கு நேராக வந்து நின்றது.

வேளார் எழுதப் படிக்கத் தெரியாதவர் இல்லை. கலர் அடித்த பிளானை வாங்கித் தொடைமேல் விரித்தார். ஆற்றைப் பிடித்துக்கொண்டு விரலை நகர்த்தி வந்தார். குளத்தில் நின்றார். பச்சையில் நின்றார்.

"தாயி, இந்தப் பச்சை எங்க சூளைமேல விழுகுதே."

பார்க் வருகிறது என்றேன். இந்த ஆறு வீட்டுக்கும் மேட்டில் மாற்று மனை கொடுப்பார்கள் என்றேன். மேடு என்று நான் சொன்னது கல்லாங்காடு. ஒரு கூடைக் களிமண் கிடைக்காது. சூளை போட்டால் காற்று ஊர்ப்பக்கம் அடிக்கும், ஊரார் விடமாட்டார்கள். இது எனக்கே சொல்லும்போதுதான் உறைத்தது.

"அங்கிட்டுப் போனா அடுப்புக்கட்டி செய்யக்கூட மண்ணு கெடையாது. சூளை அணைஞ்சா அப்புறம் நான் வேளாரு இல்லை தாயி, வெறும் முத்து."

சத்தம் போட்டிருந்தால்கூட எனக்குத் தேவலாம் போல இருந்தது. அவர் பிளானைச் சுருட்டிக் கொடுத்துவிட்டு அட்டைகளை வாங்கிக்கொண்டார். பிடிமண் வாங்கியாச்சு, வேலையை நிறுத்த முடியாது என்றார். தன் சூளை இருக்கும் இடத்தில் பார்க் வைத்து, அதே சூளையில் சுட்டுத் தரவேண்டும். அவருக்கு வாய்த்த ஆர்டர் அப்படி.

ஆபீசரிடம் போய்ச் சொன்னேன். அவருக்கும் முகம் வாடியது. ஆனால் பார்க்கை விட மனசு வரவில்லை. "இது டிராஃப்ட்தானே மிஸ் மேரி. ஆட்சேபணை இருந்தால் மாடல் வைத்த பிறகு முறைப்படி சொல்லட்டும்" என்றார். டவுன் ஹாலில் முறைப்படி வந்த பீடித் துண்டை ஞாபகப்படுத்த நினைத்தேன். வேலை டெம்பரரி. வாயை மூடிக்கொண்டேன்.

4. இட்லிதான் உண்டு

ஆபீசருக்கு மிலிட்டரி ஹோட்டல் சுக்கா வறுவல் இல்லாமல் சாப்பாடு இறங்காது. பிடிமண்ணுக்கு மறுநாளிலிருந்து ஹோட்டல்காரர் இலையில் இட்லிதான் வைத்தார். பக்கத்து இலையில் வறுவல். கேட்டதற்கு, "விரதத்துல இருக்கிறவுகளுக்குக் கவிச்சி போட்டு எங்களுக்கெதுக்குங்க பாவம்?" என்றாராம். வேறு கடைக்குப் போனார். அங்கேயும் இட்லி. ஊரில் ஒரு முட்டைகூட அவருக்குக் கிடைக்கவில்லை.

ஊர்த் தலைவரான அம்பலகாரர் ஆபீஸுக்கே வந்து, நாள் பார்த்து அவர் மணிக்கட்டில் மஞ்சள் துணியால் காப்புக் கட்டிவிட்டுப் போனார். ஆற்றுக்காகப் பிடிமண் கொடுத்த முதல் மனுஷர் இவர்தான் என்று அவருக்கு ஏகப்பட்ட மரியாதை. என் அம்மா ஆவூரிலிருந்து ஆளனுப்பி, நானும் விரதம் கிரதம் என்று ஏதாவது ஆரம்பித்திருக்கிறேனா, பங்குச் சாமியாரிடம் கேட்க வேண்டுமா என்று விசாரித்தாள். கோடு போடுவது பாவமில்லை என்று சொல்லி அனுப்பினேன்.

சனிக்கிழமைகளில் ஊரைவிட்டுப் போக முடியாத மனுஷர் என்ன செய்வார்? ஆற்றுக்கு நடந்தார். மணலில் உட்கார்ந்தார். முதல் வாரம் தனியாகத்தான் உட்கார்ந்திருந்தார். அப்புறம் ஒவ்வொருத்தராக வந்து பக்கத்தில் உட்கார ஆரம்பித்தார்கள். காப்புக் கட்டியவரிடம் பேசுவதற்கு யாருக்கு என்ன பயம்? ஆடிக்குப் பிறகு வெள்ளம் வந்தால் எந்த வளைவில் கரை அறுக்கும், எந்த ஊற்று கோடையிலும் வற்றாது, தென்கரைப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் வர இடுப்பளவு தண்ணீரில் எங்கே இறங்குகிறார்கள், மணலில் வெள்ளரி போடுகிறவர்கள் யார், துணி வெளுக்கும் கல் எந்தத் துறையில், எல்லாம் அவர் காதில் விழுந்தது. திங்கட்கிழமை காலையில் வந்து என்னிடம் மூச்சு விடாமல் ஒப்பிப்பார். டவுன் ஹாலில் மேப்பைப் பார்த்துச் 'சரிங்க' என்று போன குடியானவர்கூட வந்தார். தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று அவரே இவருக்குக் காட்டிக்கொடுத்தாராம்.

நாலாவது சனிக்கிழமை திருச்சி பஸ்ஸிலிருந்து ஆபீசரின் மனைவி இறங்கினாள். புருஷனை யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று நேரிலேயே பார்த்துவிடும் கோபம் அவள் முகத்தில் தெரிந்தது. அதே கண்டக்டர் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தான். விஷயத்தைக் கேட்டதும் லாயமே அதிரச் சிரித்தாள். காரியம் முடியும்வரை இங்கேயே இருக்கிறேன் என்று தங்கிவிட்டாள். ஆபீசர் அதற்கப்புறம் இட்லியைப் பற்றிக் குறை சொல்லவில்லை.

5. சூளை பிரித்த நாள்

வேளார் மாடலைத் துண்டு துண்டாகச் செய்தார். குதிரைக்குச் செய்வது போலக் களிமண்ணோடு மணலும் உமியும் கலந்து மிதித்து, துண்டுகளைத் தனித்தனியாகச் சுட்டு, பிறகு ஒட்ட வேண்டும். என் அட்டைகளைவிட ஒரு இம்மி ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்.

சூளை பிரித்த அன்று ஊரே அங்கே நின்றது. துண்டுகளைத் தரையில் சேர்த்து வைத்தார்கள். ஆறு சிவப்பாக வளைந்து கிடந்தது. கண்மாய், வாய்க்கால், ரோடு, புதுக் காலனி, எல்லாம் பிளானில் உள்ளபடி. நான் வடகரையைப் பார்த்தேன். பார்க் இல்லை. பேண்ட் ஸ்டாண்ட் இல்லை. ஆறு குட்டி வீடு, ஒரு குளம், நடுவில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு சூளை இருந்தது.

ஆபீசர் என்னைப் பார்த்தார். எனக்கு ஒன்றும் தெரியாது என்று தலையை ஆட்டினேன். சத்தியமாகத் தெரியாது.

"வேளாரே, இந்த இடத்தில் பார்க் அல்லவா? இதை மட்டும் தட்டி எடுத்துவிடுங்கள்" என்றார்.

வேளார் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். "பிடிமண்ணுல வந்ததை ஒடைக்க எனக்குக் கை வராதுங்க. குடுத்தவுக நீங்க. ஒடைக்கிறதா இருந்தா நீங்கதான் ஒடைக்கணும்" என்று சொல்லி, சின்னச் சுத்தியல் ஒன்றை நீட்டினார். பெரிய சாமர்த்தியசாலி. கெஞ்சவில்லை, அழவில்லை. ஊரே பார்க்கச் சுத்தியலை நீட்டினார்.

வரதராஜன் கையிலிருந்த மஞ்சள் காப்பைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். அவள் வேறு பக்கம் பார்த்தாள். சுத்தியலை வாங்காமல், "பிறகு பார்க்கலாம்" என்றார். எங்கள் இலாகாவில் அந்த வார்த்தைக்கு ஆயிரம் அர்த்தம் உண்டு.

மாடலை மேளத்தோடும் குடையோடும் தூக்கிக்கொண்டு போய் டவுன் ஹால் வாசலில் பந்தல் போட்டு வைத்தார்கள். பொதுமக்கள் கருத்துக் கூட்டம் இப்படித்தான் தொடங்கியது. முன்பு விரல் விட்டு எண்ணிய இடத்தில் இப்போது கால் வைக்க இடமில்லை.

அதற்குள் ஊருக்கு ஒரு வழி புரிந்துவிட்டது. மண்ணில் செய்து வைத்ததை ஆபீசர் எடுக்க மாட்டார். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் மண்ணில் பிள்ளை உரு, கால் வலித்தால் கால் உரு என்று கோயிலில் வைக்கிற ஜனங்கள்தானே? வெள்ளரி போடுகிறவர்கள் மண் வெள்ளரிக்காய் கொண்டுவந்து மாடலின் ஆற்று மணலில் வைத்தார்கள். வெளுக்கிறவர்கள் துறையில் ஒரு கல் வைத்தார்கள். தென்கரைத் தாய்மார்கள் ஆற்றைக் கடக்கிற இடத்தில் சிலேட்டுப் பிடித்த மண் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திவிட்டார்கள். கோட்டைப்பட்டினத்திலிருந்து கருவாட்டு வண்டி ஓட்டிவரும் ராவுத்தர், "நான் பொம்மை வைக்கமாட்டேன், எங்களுக்கு ஆகாது. சக்கரம் வச்சுக்கிறேன்" என்று வண்டி புதைகிற இடத்தில் மண் சக்கரம் ஒன்றைப் பாதி புதைத்து வைத்தார். எல்லா உருவும் முத்து வேளார் சூளையில் சுட்டதுதான். மனுஷருக்கு மூச்சு விட நேரமில்லை. ஆனாலும் அவர் கண் அடிக்கடி வடகரைக்குப் போய் வந்தது.

6. மெட்ராஸிலிருந்து வந்தவர்

பிளானை முடிவு செய்ய மெட்ராஸிலிருந்து பெரிய அதிகாரி வந்தார். கண்ணாடி, வெள்ளை சூட், பேச்சு கொஞ்சம்தான். அவர் கையெழுத்துப் போட்டால் டிராஃப்ட் பிளான் பைசலாகிவிடும். பச்சை பச்சையாகவே நின்றால் ஆறு வீடும் கல்லாங்காட்டுக்குப் போகவேண்டியதுதான். வேளார் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் டிரேசிங் சுருளை மார்போடு கட்டிக்கொண்டு நின்றேன். உள்ளங்கை வேர்த்துச் சுருள் ஈரமாகிவிட்டது.

அதிகாரி மாடலைச் சுற்றி வந்தார். வெள்ளரிக்காய், கல், பிள்ளைகள், சக்கரம், எல்லாவற்றையும் குனிந்து பார்த்தார்.

"மிஸ்டர் வரதராஜன், ஆட்சேபணைகள் எங்கே?"

"இதுதான் சார்."

அதிகாரி அவரை ஏற இறங்கப் பார்த்தார். மாடலில் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் பேண்ட் போட்டு, தோல்பையும் குடையும் பிடித்த மண் மனுஷன் ஒருத்தன் நின்றுகொண்டிருந்தான். அதை எடுத்து, "இது என்ன ஆட்சேபணை?" என்று கேட்டார். ஆபீசர் காதுவரை சிவந்துவிட்டார். இவர் நல்லபடியாக வீடு வந்து சேரவேண்டும் என்று அவர் மனைவி வேண்டிக்கொண்டு வைத்தது. நான் கூரையைப் பார்த்தேன்.

பிறகு அதிகாரி பிளானை விரிக்கச் சொன்னார். விரல் ஆற்றோடு வந்து வடகரையில் நின்றது. "பிளானில் பார்க். மாடலில் ஏதோ குமிழ் இருக்கிறது. எது சரி? செய்தவன் தப்புப் பண்ணிவிட்டானா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆபீசருக்குப் பார்க் கிடைக்கும், பேண்ட் ஸ்டாண்ட் கிடைக்கும், நல்ல பெயரும் கிடைக்கும். வேளார் குனிந்துகொண்டார். ஆபீசர் காப்பைத் திருகிக்கொண்டே நின்றார். நான் மாதாவைக் கூப்பிட்டேன். அதில் வெட்கம் என்ன?

"மாடல்தான் சரி சார்" என்றார் வரதராஜன். "அது சூளை. அந்த இடம் காலியாக இல்லை. பிளானைத்தான் திருத்த வேண்டும்."

"மெட்ராஸுக்கு அனுப்பிய டிராஃப்டை யாரைக் கேட்டுத் திருத்துவது?"

"நான் பிடிமண் கொடுத்திருக்கிறேன் சார்."

"வாட் இஸ் பிடிமண்?"

என்னைத்தான் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் எங்கள் ஆபீசரே பதில் சொல்லிவிட்டார். "ஒர்க் ஆர்டர் மாதிரி சார். வித்தியாசம் என்னன்னா, இதில் கொடுத்தவன்தான் கட்டுப்படணும்."

அதிகாரி கையிலிருந்த பேண்ட் போட்ட மண் மனுஷனைப் பார்த்தார். அவனைப் பஸ் ஸ்டாண்டில் பழையபடி நிற்கவைத்தார். பிளானைச் சுருட்டி என்னிடம் நீட்டி, "மாடலில் உள்ளபடி திருத்திக் கொண்டுவாருங்கள். அப்புறம் கையெழுத்துப் போடுகிறேன்" என்றார்.

வேளார் பந்தல் காலை விடவில்லை. அவர் தோள் குலுங்கியது. நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சாக் பவுடர் என்றேன். யாரும் கேட்கவில்லை.

7. பிளேடு

டிரேசிங் கிளாத்தில் போட்ட இங்க்கை ரப்பரால் அழிக்க முடியாது. பிளேடை எடுத்து, துணி கிழியாமல் மெல்லச் சுரண்ட வேண்டும். நான் நெருக்கமாக நட்ட மரங்களை ஒவ்வொன்றாக நானே வெட்டினேன். விரல் வலித்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் வேறெந்த வேலையும் செய்ததில்லை. சுரண்டிய இடத்தில் ஆறு வீட்டையும் குளத்தையும் சூளையையும் போட்டேன். பிள்ளைகள் கடக்கிற இடத்தில் ஒரு தரைப்பாலம், வெளுக்கும் துறை, வெள்ளரி மணல் எல்லாவற்றுக்கும் மேப்பில் குறி கண்டுபிடித்துப் போட்டேன். பார்க் சின்னதாகி, குளத்தின் மேல்கரைக்கு ஒதுங்கியது. பேண்ட் ஸ்டாண்டுக்கு இடமில்லை.

திருத்திய பிளானில் கையெழுத்து விழுந்த அன்று சாயங்காலம் அம்பலகாரர் காப்பை அவிழ்த்தார். வரதராஜன் நேராக மிலிட்டரி ஹோட்டலுக்குப் போனார். ஹோட்டல்காரர் காசு வாங்கவில்லையாம். மனைவியோடு திருச்சி பஸ் ஏறினார், டிக்கெட் கிடைத்தது. பிளானில் எழுதியதெல்லாம் நடந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். பாதி ஃபைலிலேயே தூங்கியது. தரைப்பாலம் வந்தது. சூளை நின்றது.

பிளேடு பட்ட இடம் டிரேசிங் கிளாத்தில் சொரசொரப்பாகிவிடும். எவ்வளவு சாக் பவுடர் தேய்த்தாலும் கொஞ்சம் அழுக்குப் பிடிக்கும். வெயில் அதை ஊடுருவாது; வெயில் படாத இடம் புளூ பிரிண்டில் நீலமாகாது. அதனால் அந்தப் பிளானில் எடுத்த ஒவ்வொரு புளூ பிரிண்டிலும், வடகரையில் அந்த ஒரே இடத்தில், நீலத்துக்கு நடுவே வெளுப்பாக ஒரு மூட்டம் விழுந்தது. டிரேசருக்கு இது மானக்கேடு. எனக்கும் உறுத்தலாகத்தான் இருந்தது.

நாலைந்து வருஷம் கழித்து மெட்ராஸ் ஆபீஸில் பிளான்களைச் சரிபார்த்த ஒரு இளம் இன்ஜினியர் என்னை டெலிபோனில் கூப்பிட்டார். "மேடம், வெள்ளாறு ஷீட்டில் வடகரையில் வெள்ளையாக ஏதோ இருக்கிறது. இண்டெக்ஸில் அந்தக் குறி இல்லை. அது என்ன?" என்று கேட்டார்.

"புகைங்க. அங்க ஆள் இருக்காங்க" என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார்.